130 பவுணுக்கு மீட்கப்பட்ட காடு

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வாழும் நம்மவர்களுக்கு வென்ற்வேர்த்வில் என்பது நன்கு பழகிய பெயர். அரிசியும் மிளகாய்த் தூளும் வாங்கப் போகும் இடம். கோயிலுக்குப் போகும் வழியில் கடந்து செல்லும் நிலையம். அதே புகையிரதப் பாதையில் மேற்கு நோக்கி மலையேறினால் பிளக்ஸ்லண்ட், லோசன், வென்ற்வேர்த் போல்ஸ் என்ற நிலையப் பெயர்கள் இடையிட்டு வரும். கிரகரி பிளக்ஸ்லண்ட், வில்லியம் லோசன், வில்லியம் சாள்ஸ் வென்ற்வேர்த் ஆகிய மூவரும் 1813 ஆம் ஆண்டில் நீலமலைகளைக் கடந்தவர்கள். வென்ற்வேர்த்வில்லுக்குப் பெயர் கொடுத்ததும் அந்த மூன்றாமவரின் குடும்பமே. அவர்கள் மலையை வென்ற கதை அவுஸ்திரேலியாவில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது.

இப்புகையிரதம் பிளாக்கீத் என்ற சிற்றூரிலும் நிற்கும். அங்கே இறங்கி, வீதியின் முடிவிலுள்ள பாறை விளிம்புவரை நடந்தால், பாடநூலில் அதிகம் இடம்பெறாத இன்னொரு கதை கீழே கிடப்பதைக் காணலாம். ஒரு காட்டை வெட்டாமல் விடுவதற்காக, வார இறுதிகளில் நடக்கப் போகும் சாதாரண மனிதர்கள் தங்கள் கையிலிருந்து பணம் கொடுத்த கதை அது. அந்தக் காட்டுக்குப் புளூ கம் வனம் என்று பெயர். அதனை அடைவதற்கான சுற்றுநடை, காடும் ஓடைப் பள்ளங்களும் பாறை முகடுகளும் கலந்த கடினமான பாதை. அந்தப் பாதையின் வரலாற்றையே இங்கு எழுத விரும்புகிறேன்.

மலையா, பள்ளமா?

நீலமலைகளை மலை என்று அழைப்பது ஒரு வகையில் தவறு. அது உயர்ந்து எழுந்த ஒரு மணற்கல் மேட்டுநிலம். ஆறுகள் அதனை ஆழமாக அரித்து வெட்டியிருக்கின்றன. மேலே தடித்த மணற்கல்லும் கீழே நிலக்கரிப் படிவுகளோடு கூடிய மென்மையான பாறையும் உள்ளன. கீழ்ப்பாறை கரைந்து போக, ஆதாரமிழந்த மணற்கல் பாளம் பாளமாக உடைந்து விழுகிறது. அதனால்தான் அங்குள்ள பள்ளத்தாக்குகளின் ஓரங்கள் சரிவாக இல்லாமல் சுவர்போல நிமிர்ந்து நிற்கின்றன.

உலகின் பல மலைநாடுகளில் வழி தேடுவோர் ஓர் ஆற்றைப் பற்றிக்கொண்டு மேலேறுவார்கள். ஆறு அவர்களை ஒரு கணவாயில் கொண்டு சேர்க்கும். நீலமலைகளிலோ ஓடையைப் பற்றி ஏறுபவன் கடைசியில் நீர்வீழ்ச்சியின் அடியில், நூறு மீற்றருக்கும் உயர்ந்த பாறைச் சுவரின் முன்னே நின்றுவிடுவான். 1788 இல் சிட்னியில் குடியேறிய ஆங்கிலேயரைக் கால் நூற்றாண்டு காலம் கடற்கரைச் சமவெளியில் அடைத்து வைத்தது இந்த அமைப்புத்தான்.

1789 ஆம் ஆண்டு டிசெம்பரில் வில்லியம் டோவ்ஸ் என்ற கடற்படை அதிகாரி சில நாட்கள் முயன்று திரும்பினார். 1793 இல் வில்லியம் பற்றர்சன் ஆற்று வழியே சென்று பார்த்து, அந்த ஆற்றுக்குத் துணை ஆளுநர் பிரான்சிஸ் குரோசின் பெயரைச் சூட்டியதோடு திரும்பினார். 1804 இன் இறுதியில் தாவரவியலாளர் ஜோர்ஜ் கேலி, பள்ளத்தில் இறங்குவதும் எதிர்ப்பக்கம் ஏறுவதுமாக வாரக்கணக்கில் போராடி, குரோஸ் பள்ளத்தாக்கின் வடபுறத்திலுள்ள ஒரு சிகரத்தை அடைந்தார். தம் புரவலரான சேர் ஜோசப் பாங்ஸின் பெயரை அதற்கு வைத்தார். அங்கிருந்து கீழே பார்த்தபோது, அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வழியில் அவர் கடந்த இடங்களுக்குச் சாத்தானின் வனாந்தரம் என்றும், துயரப் பள்ளம் என்றும் பொருள்படும் பெயர்களை இட்டிருக்கிறார். அந்த மனிதர் பட்ட பாட்டை அறிய இந்தப் பெயர்களே போதும்.

பிளக்ஸ்லண்ட் குழுவினர் 1813 மே 11 ஆம் திகதி புறப்பட்டனர். மூவரோடு பணியாட்கள் நால்வர், குதிரைகள் நான்கு, நாய்கள் ஐந்து. அவர்கள் பள்ளங்களில் இறங்கவில்லை. வடக்கே குரோஸ் ஆற்றுக்கும் தெற்கே கொக்ஸ் ஆற்றுப் பக்கத்துக்கும் நீரைப் பிரித்து அனுப்பும் முகட்டை விடாமல் பற்றி நடந்தனர். மே 31 இல் மறுபுறத்துப் புல்வெளிகளைக் கண்டனர். அடுத்த ஆண்டு ஜூலையில், வில்லியம் கொக்ஸ் என்பவரின் மேற்பார்வையில் சுமார் 30 தண்டனைக் கைதிகள் விடுதலை கிடைக்கும் என்ற வாக்குறுதியின் பேரில் வீதி வெட்டத் தொடங்கினர். 101 மைல் நீளமான வீதி ஆறு மாதங்களில், 1815 ஜனவரியில் முடிந்தது. இன்று நம்மவர்கள் மகிழுந்தில் கட்டூம்பாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், புகையிரதப் பாதையும் பெரும்பாலும் இதே முகட்டில்தான் ஓடுகின்றன.

ஏற்கெனவே அறிந்திருந்தவர்கள்

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். 1813 இல் அந்த மலையில் மனிதர் இருக்கவில்லையா?

இருந்தனர். டாருக், குண்டுங்குரா ஆகிய மக்களின் நிலம் அது. வென்ற்வேர்த் போல்சுக்கு அருகே கிங்ஸ் ரேபிள்லாண்ட் என்ற இடத்திலுள்ள பாறைக் குகையில் நடந்த அகழ்வுகள், அங்கே ஏறத்தாழ 22,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்தமைக்குச் சான்று தருகின்றன. 1802 இல் பிரான்சிஸ் பராலியே என்ற அதிகாரி தெற்குப் பக்கமாக மலைக்குள் வெகுதூரம் செல்ல முடிந்ததும் பூர்வகுடி வழிகாட்டிகளின் உதவியினாலேயே. 1823 இல் ஆர்ச்சிபோல்ட் பெல் என்ற இளைஞர், குரோஸ் பள்ளத்தாக்குக்கு வடக்கேயுள்ள முகட்டின் வழியே மலையைக் கடந்தார். அவருக்கு வழி காட்டியவர்கள் டாருக் மக்கள். ஆயினும் இன்றுவரை அவ்வீதிக்குப் பெல்லின் வீதி என்றுதான் பெயர். வழி தெரிந்தவர்களின் பெயர் வழிக்கு வைக்கப்படவில்லை.

மலைக்கு அப்பால் நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. வீதி திறந்ததும் ஆடுமாடுகளும் குடியேற்றக்காரர்களும் விராஜுரி மக்களின் புல்வெளிகளை நிறைத்தனர். மோதல்கள் மூண்டன. 1824 ஓகஸ்டில் பாதர்ஸ்ட் பிரதேசத்தில் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. மலையை வென்றதைக் கொண்டாடும் பாடத்தில் அந்த 1824 ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பாயாத குதிரையும் ஓடாத புகையிரதமும்

முகட்டின் மேலே வீதி வந்தபின் பள்ளத்தாக்கை ஏறக்குறைய எல்லோரும் மறந்தனர். 1831 இல் வில்லியம் கவெற் என்ற உதவி நில அளவையாளர் பிளாக்கீத் அருகே காட்டுக்குள் அளந்துகொண்டு சென்றபோது, திடீரென நிலம் முடிந்துபோன விளிம்பொன்றில் வந்து நின்றார். பக்கத்தில் ஓர் ஓடை ஏறத்தாழ 180 மீற்றர் ஆழத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. அந்த இடம் கவெற்ஸ் லீப் என்று பெயர் பெற்றது. லீப் என்றால் பாய்ச்சல். பொலிசார் துரத்த, கவெற் என்ற கொள்ளைக்காரன் குதிரையோடு இங்கிருந்து குதித்து இறந்தான் என்று உல்லாசப் பயணிகளுக்கு ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. அப்படி எவனும் குதிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு நீர்வீழ்ச்சி என்றும் ஒரு பழைய வட்டார வழக்குப் பொருள் உண்டு. உண்மையான கவெற் அமைதியாக நிலம் அளந்த அரசாங்க உத்தியோகத்தர்.

1836 ஜனவரியில் பீகிள் கப்பல் சிட்னியில் நங்கூரமிட்டபோது, 26 வயதான சாள்ஸ் டார்வின் பாதர்ஸ்ட் நோக்கிக் குதிரையில் புறப்பட்டு, வழியில் பிளாக்கீத்தில் தங்கினார். கவெற்ஸ் லீப்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்து வியந்தார். இவ்வளவு பெரிய குழிவைச் சிறு ஓடைகள் அரித்திருக்க முடியாது, கடலே இதைச் செய்திருக்க வேண்டும் என்று கருதினார். பின்வந்த புவியியலாளர்கள் ஆறுகளின் பக்கமே தீர்ப்பளித்தனர்.

1850 களின் இறுதியில் பள்ளத்தாக்குக்கு முதலாவது ஆபத்து வந்தது. மலையைக் கடக்கும் புகையிரதப் பாதையை முகட்டில் போடுவதா, குரோஸ் ஆற்றின் ஓரமாகப் போடுவதா என்ற ஆராய்ச்சி நடந்தது. இராணுவப் பொறியியலாளர்கள் பள்ளத்தாக்கினுள் இறங்கி அளவைக்காகப் பாதை வெட்டினார்கள். பாதையின் மேற்கு முனையில் நீண்ட சுரங்கம் தோண்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1860 களில் ஜோன் விற்றன் முகட்டு வழியையே தெரிந்தெடுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வளைந்து வளைந்து செல்லும் பாதைகளை அமைத்தார். செலவுக் கணக்கு ஒரு பள்ளத்தாக்கைக் காப்பாற்றிய சம்பவம் அது.

1875 இல் எக்கிள்ஸ்ரன் டு போர் என்பவர் ஓவியர்களையும் ஒளிப்படக் கலைஞர்களையும் திரட்டிக்கொண்டு பள்ளத்தாக்கின் அடியில் முகாமிட்டார். அவர்கள் கொண்டு வந்த படங்களினாலேயே அங்கே இப்படி ஓர் உலகம் இருப்பதைச் சிட்னி நகரத்தார் அறிந்தனர். நூற்றாண்டு மாறும் வேளையில் உள்ளூர்க்காரர் பாறையில் படி செதுக்கிப் பாதைகள் அமைத்தனர். அவற்றிலொன்று பிளாக்கீத்தின் புகையிரத நிலைய அதிபராக இருந்த ரொட்றிகஸின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. புகையிரதம் ஏறி வந்த நகரத்தார் மேலே நின்று பார்த்தனர். சிலர் கீழே இறங்கினர்.

சுற்றுநடை

2004 ஆம் ஆண்டு சிட்னிக்குச் சென்றிருந்தபோது, மருமகனும் அவருடைய நண்பர் ஒருவரும் கூட வர, இந்தச் சுற்றை இரண்டு நாட்களில் நடந்து முடித்தேன். ஒரே நாளில் முடிப்போரும் உண்டு. அறுபதைத் தாண்டிய முழங்கால்களுக்கு அது ஏற்றதன்று.

கவெற்ஸ் லீப்பிலிருந்து பாறை விளிம்பை ஒட்டிய பாதையில் புல்பிற் றொக் என்ற முனைப்புவரை சென்று, அங்கிருந்து வீதி வழியாகப் பெறிஸ் லுக்டவுன் என்ற இடத்தை அடைந்தோம். பாறையின் மேலே காற்றுக்கு வளைந்த குறும்புதர்கள். அங்கிருந்து புளூ கம் வனத்துக்கு இறக்கம் ஏறத்தாழ 600 மீற்றர். படிகள், வேர்கள், உடைந்த கற்கள், மறுபடியும் படிகள். இறங்க இறங்கக் காடு மாறியது. மேலே வரண்ட பாறைக்காடு. பக்கத்து ஓடைப் பள்ளங்களில் ஈரமும் பாசியும் மரப்பன்னங்களும். அட்டைகளும் இருந்தன, நம் மலையகத்து அட்டைகளுக்கு அவை எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல.

கீழே குரோஸ் ஆறும் கவெற் ஓடையும் சேருமிடத்தில், ஆறு சேர்த்துவைத்த சமதளமான வண்டல் மண்ணில் நிற்கிறது அந்தக் காடு. புளூ கம் என்பது யூக்கலிப்ரஸ் இனங்களுள் ஒன்று. நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் காற்றுத் தடுப்புக்கும் விறகுக்கும் வரிசையாக நட்ட யூக்கலிப்ரஸ் மரங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அந்தக் குடும்பத்தின் பூர்வீக வீடு எப்படி இருக்கும் என்பது தெரியாது. இங்கே அவை வரிசையில் நிற்கவில்லை. 60 மீற்றர்வரை வளரக்கூடிய மரங்கள், கிளையே இல்லாத நெடிய வழவழப்பான தண்டுகள், பட்டை உரிந்த இடங்களில் சாம்பல் கலந்த நீலமும் வெண்மையும். அடியில் புதர் குறைவு. ஆகையால் தூரத்து மரமும் கண்ணில் படும். எங்கோ ஒரு யாழ்ப்பறவை மற்றப் பறவைகளின் குரல்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிக்கொண்டிருந்தது.

காட்டுக்குள்ளே கூடாரம் அடிக்க அனுமதியில்லை. மரங்களின் வேர்கள் மிதிபட்டு மண் இறுகிவிடும் என்பது காரணம். சற்றுத் தள்ளி அக்கேசியா பிளற் என்ற வெளியில் இரவைக் கழித்தோம். ஓடை தெளிவாகவே ஓடியது. ஆயினும் அதன் தலைப்பகுதியில் ஊர் இருப்பதால் நீரைக் கொதிக்க வைத்தே குடித்தோம். மறுநாள் ஓடையோரமாக ஜங்ஷன் றொக்கைக் கடந்து, ரொட்றிகஸ் பாதை வழியாக நீர்வீழ்ச்சியின் அடிக்கு வந்து, பாறைச் சுவரில் வெட்டிய படிகளில் ஏறிப் புறப்பட்ட இடத்தை அடைந்தோம். இறக்கம் முழங்காலைச் சோதித்தது. ஏற்றம் மூச்சைச் சோதித்தது.

1931: வால்நட்டா, வனமா?

இனிக் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம்.

பொழுதுபோக்குக்காகக் காட்டில் நாட்கணக்கில் நடப்பதை அவுஸ்திரேலியர் புஷ்வோக்கிங் என்பர். நாம் காட்டுநடை எனலாம். 1914 இல் மைல்ஸ் டன்பி என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும் மலைப்பாதைக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். டன்பி கட்டடக் கலை கற்பித்த ஆசிரியர். நடந்த இடங்களுக்கெல்லாம் தம் கையாலேயே நுணுக்கமான வரைபடங்கள் வரைந்தவர். அந்தக் கழகம் ஆண்களுக்கு மட்டுமானது. 1927 இல் உருவான சிட்னி காட்டுநடையாளர் சங்கம் பெண்களையும் சரிசமமாகச் சேர்த்துக்கொண்டது. நியூ சவுத் வேல்சில் சட்டத்தரணியாகப் பதிவு பெற்ற முதற் பெண்ணான மேரி பைல்சும் அதன் உறுப்பினர்களுள் ஒருவர்.

1931 உயிர்த்த ஞாயிறு விடுமுறையில், அலன் றிக்பி என்பவர் தலைமையில் இவ்விரு கழகங்களையும் சேர்ந்த சிலர் புளூ கம் வனத்தில் முகாமிட்டிருந்தனர். அங்கே அவர்கள் சந்தித்த ஒருவர், அந்த 40 ஏக்கர் நிலத்தைத் தாம் அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருப்பதாகவும், மரங்களை வெட்டிவிட்டு வால்நட் பயிரிடப்போவதாகவும் தெரிவித்தார். குத்தகைக்காரரைக் கொடியவராகக் காட்டுவது நியாயமன்று. சட்டப்படி பெற்ற உரிமை அவருடையது. செழிப்பான வண்டல் நிலம். பிழைக்க வழி தேட வேண்டிய காலம்.

ஊருக்குத் திரும்பிய நடையாளர்கள் குழு அமைத்தனர். அரசாங்கம் உதவ மறுத்தது. குத்தகைக்காரரோடு நேரில் பேசுவதென முடிவாயிற்று. 1931 நவம்பர் 15 ஆம் திகதி, கொட்டும் மழையில், அதே காட்டின் நடுவே இரு தரப்பும் சந்தித்தன. 130 பவுண் தந்தால் குத்தகையை விட்டுக்கொடுப்பதாக அவர் சம்மதித்தார். ஆண்டு முடிவதற்குள் பணம் கட்டியாக வேண்டும்.

130 பவுண் என்பது அக்காலத்தில் எவ்வளவு என்பதை இன்றைய வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். நியூ சவுத் வேல்சில் அடிப்படைக் கூலி அப்போது வாரத்துக்கு நாலு பவுணைச் சற்றுத் தாண்டியது. ஆகவே அது ஒரு தொழிலாளியின் அரையாண்டுக் கூலிக்கும் மேற்பட்ட தொகை. அந்தக் கூலியும் பலருக்குக் கிடைக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தின் உச்சக் கட்டம் அது. தொழிற்சங்க உறுப்பினர்களில் ஏறத்தாழ 30 வீதத்தினர் வேலையற்றிருந்தனர். நடையாளர்களிடையேயும் வேலை இழந்தவர்கள் இருந்தனர். பின்னாளில் முகாம் பொருட்களுக்குப் பெயர் பெற்ற படி பலின், 1930 இல் வேலை போனதனால்தான் வீட்டிலிருந்து முதுகுப்பை தைக்கத் தொடங்கினார். இத்தகையவர்கள் சிறு நன்கொடைகளையும் ஒன்றுகூடல் வருமானங்களையும் சேர்த்தனர். பெரும் பங்கான 80 பவுணை வில்லியம் ஜேம்ஸ் கிளியரி என்பவர் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தார். மாநிலப் புகையிரதத் திணைக்களத்தின் தலைமை ஆணையாளராக இருந்த அவர், பின்னர் அவுஸ்திரேலிய ஒலிபரப்பு ஆணைக்குழுவின் தலைவரானார். அவரும் காட்டில் நடப்பவரே.

குத்தகை கைவிடப்பட்டது. 1932 செப்டெம்பர் 2 ஆம் திகதி அந்த 40 ஏக்கரும் பொதுமக்களுக்கான ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. எவர் பெயரிலும் உறுதி எழுதப்படவில்லை. பணம் கொடுத்தவர்கள் பெற்றது, மற்ற எல்லோரையும் போல அங்கே போய்வரும் உரிமை மட்டுமே. பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ காணிப் பிணக்குகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். தமக்கென ஒரு சாண் நிலமும் கேளாமல் காணிக்குப் பணம் கட்டியவர்களைப் பற்றி எழுத நேர்ந்தது அரிது.

நாற்பது ஏக்கரிலிருந்து பத்து இலட்சம் ஹெக்டெயர்வரை

அந்த வெற்றியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1932 இலேயே நடையாளர் கழகங்கள் ஒரு சம்மேளனமாக இணைந்தன. டன்பி நீலமலைகள் முழுவதற்குமான தேசிய பூங்காத் திட்டமொன்றை வரைபடத்துடன் தயாரித்தார். 1934 ஓகஸ்டில் கட்டூம்பாவின் உள்ளூர்ப் பத்திரிகை அதனைத் தனி இணைப்பாக வெளியிட்டது. ஓர் ஊர்ப் பத்திரிகையின் இணைப்பு என்ன செய்துவிடும் என்று கேட்போருக்கு இதுவே பதில். கால் நூற்றாண்டு கழிந்து, 1959 இல், நீலமலைகள் தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. அது இன்று இரண்டரை இலட்சம் ஹெக்டெயருக்கும் மேற்பட்டது. டன்பியின் மகன் மைலோவைக் குழந்தையாக இருக்கையிலேயே தள்ளுவண்டியில் வைத்து மலைக்காட்டுக்குக் கொண்டு சென்றார்கள். அந்த மகனும் வளர்ந்து காடு காக்கும் இயக்கத்தின் முன்னணியில் நின்றார். 2000 ஆம் ஆண்டில், எட்டுப் பாதுகாக்கப்பட்ட பிரதேசங்களைக் கொண்ட, பத்து இலட்சம் ஹெக்டெயருக்குச் சற்றுக் கூடிய பெரும் நீலமலைப் பகுதி உலக மரபுரிமையாக யுனெஸ்கோவினால் ஏற்கப்பட்டது.

காட்டுக்கு வந்த ஆபத்து அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. 2006 நவம்பரில் மின்னலால் மூண்ட தீ பள்ளத்தாக்கில் பரவி, புளூ கம் வனத்தையும் எரித்தது. தீயை மறிப்பதற்காக முன்கூட்டி மூட்டிய எதிர்த்தீயே நிலைமையை மோசமாக்கியதா என்ற விவாதம் ஊரெங்கும் நடந்தது. பெருமரங்களில் பல, கருகிய தண்டிலிருந்தே மீண்டும் துளிர்த்தன. யூக்கலிப்ரசுக்கு அந்த வல்லமை உண்டு. ஆனால் எரிந்த காடு பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் வேண்டும். தீகளோ அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. 2019 - 2020 கோடையில் நீலமலைகளின் மிகப் பெரும் பகுதி எரிந்தபோது குரோஸ் பள்ளத்தாக்கும் தப்பவில்லை. அதன் பின் வந்த கடும் மழைகளினால் பாறைச் சரிவுகள் ஏற்பட்டு, நடைபாதைகள் பல மூடப்பட்டன. இப்போது அங்கே செல்ல விரும்புவோர், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பூங்கா நிருவாகத்திடம் விசாரித்த பின்னரே புறப்பட வேண்டும். குத்தகைக்காரரோடு பேச்சு நடத்தியதைப் போல வெப்பமேறும் காலநிலையோடு மழையில் நின்று பேச்சு நடத்த முடியாது.

தீராத கணக்கு

இந்தக் கதையை இங்கேயே முடித்தால் அது அரைக்கதையாகிவிடும்.

தேசிய பூங்கா பிரகடனமாவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர், 1957 இல், பிளாக்கீத்திலிருந்து சற்றுத் தள்ளியுள்ள கட்டூம்பாவில் வேறொன்று நடந்தது. ஊரின் ஓரத்து ஓடைப் பள்ளத்தில் குண்டுங்குரா, டாருக் குடும்பங்கள் சிறு வீடுகள் கட்டி வாழ்ந்து வந்தன. ஆங்கிலேயர் வருகையினால் தம் பள்ளத்தாக்குகளை இழந்து, படிப்படியாக அங்கே ஒதுங்கியவர்கள் அவர்கள். அந்த இடத்துக்குக் கலி, அதாவது ஓடைப் பள்ளம் என்றே பெயர். உல்லாசப் பயணிகளை ஈர்ப்பதற்காக அங்கே மோட்டார்ப் பந்தயத் திடல் அமைக்க வேண்டுமென, குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. நாற்பது ஏக்கர் மரங்களுக்காகப் பணம் திரட்டக் கூடிய ஒரு சமூகம், அருகிலிருந்த மனிதர்களின் கூரைகளுக்காக அவ்வாறு திரளவில்லை. 2002 இல் அந்தப் பள்ளம் பூர்வகுடி மக்களின் மரபிடமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. பந்தயங்கள் ஓய்ந்துவிட்டன. திடலின் தார்ப்பாதை இன்னும் மரங்களிடையே வளைந்து கிடக்கிறது.

இதைச் சொல்வதனால் 1931 இன் நடையாளர்களுடைய பெருமை குறைந்துவிடாது. அவர்கள் செய்தது நல்ல காரியம். செய்யாமல் விட்டிருந்தால் மரங்களும் போயிருக்கும். ஒரு நன்மையை முழுமையாகப் பாராட்ட வேண்டுமானால் அதன் எல்லை எது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அவ்வளவே.

உடைமையும் ஊரும் இழந்து, இன்னொருவர் மண்ணில் வீடு கட்டி வாழும் நமக்கு இந்தக் கணக்கு விளங்கக் கடினமானதன்று. நம்மவர் பலர் வாழும் ரூங்காபியின் பெயர் டாருக் மொழியிலிருந்து வந்தது. 1797 இல் பெமுல்வுய் என்ற போராளி தம் நிலத்துக்காக அங்கிருந்த அரசாங்கப் பண்ணையைத் தாக்கினார். அவர் பெயரில் ஒரு புறநகர் இன்று வென்ற்வேர்த்வில்லுக்கு அண்மையிலேயே இருக்கிறது. வென்ற்வேர்த்தின் பெயரும் பெமுல்வுயின் பெயரும் அடுத்தடுத்த வீதிப்பலகைகளில் இருக்கும் நகரம் அது. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முதலாவது பெயரைப் படித்துக்கொள்வார்கள். இரண்டாவது பெயரை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

விடுமுறைக்குக் கட்டூம்பா போவோர் மூன்று சகோதரிகள் பாறையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் வீடு திரும்புவது வழக்கம். அடுத்த முறை கட்டூம்பாவையும் தாண்டிப் பிளாக்கீத்தில் இறங்குங்கள். பாதை திறந்திருந்து, காலில் வலுவும் இருந்தால், கீழே சென்று அந்த மரங்களின் நடுவே சற்று நேரம் இருங்கள். இயலாதவர்கள் விளிம்பில் நின்று பார்த்தாலும் போதும். கீழே ஆறுகள் சேருமிடத்தில் தெரியும் அந்தக் காட்டுக்கு, வேலையற்றோரும் சிறு சம்பளக்காரரும் சேர்ந்து ஒரு காலத்தில் 130 பவுண் கொடுத்தார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். திரும்பும் வழியில் கட்டூம்பாவின் ஓடைப் பள்ளத்தையும் காட்டத் தவறாதீர்கள்.